ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடிக்கோடு

கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லாரும் அடிக்கோட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். செடித் தொட்டிகளுக்கு எண் அட்டை எழுதிக் கட்டுவதும், அறுவடையானதும் கதிரில் இருக்கும் மணிகளை எண்ணுவதும் அவள் வேலை. ஆறு எழுதினால் அதன் காலடியில் ஒரு கோடு போடுவாள். ஒன்பதுக்கும் அப்படியே. பதினாலு வருடமாக மாறாத வழக்கம் அது.

காரணம் இல்லாமல் இல்லை. செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் காற்றாடி ஓயாமல் சுழலும். அட்டை படபடத்துக் கிழியாமல் இருக்க, மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டு இரண்டு முனையையும் குச்சியோடு சேர்த்துக் கட்டுவார்கள். கட்டிய பிறகு அந்த அட்டைக்கு எது தலை, எது கால் என்று யார் சொல்வது? ஆறு கவிழ்ந்தால் ஒன்பது. எட்டு எப்படி நின்றாலும் எட்டு. கோடு இருந்தால் வம்பே இல்லை. கோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கால்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்துபோய்ப் படிப்பை நிறுத்தியவள் அவள். "ரெண்டே ரெண்டு" என்று இன்றைக்கும் விரலைக் காட்டிச் சொல்வாள். ஆனால் எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கதிரைக் கசக்கி, உமியை ஊதி, மணிகளை ஐந்தைந்தாக நடுவிரலால் தள்ளுவாள். நிலையத் தலைவரான பெரிய சார் ஒருமுறை, "இந்தம்மா எண்ணினா மெஷின் எண்ணின மாதிரி" என்று புகழ்ந்தார். "மெஷின் தப்புப் பண்ணும் சார்" என்றாள்.

அவள் தங்கையோ கணக்கில் நூற்றுக்கு நூறு. தங்கைக்கு டாக்டர் பட்டம் கிடைத்தபோது, அந்த ஆய்வேட்டின் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எழுதியிருந்தது விளங்கவில்லை. பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆகவே, பின்னால் வந்த பொறாமை படிப்பின் மேல் வந்த பொறாமை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கை அதே நிலையத்தில் விஞ்ஞானியாக வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா வீட்டிலேயே தங்கினாள். முதல் நாள் காலை, பேருந்துக்குக் காத்திருந்தபோது சட்டம் போட்டவள் அக்காதான்.

"அங்க வந்து அக்கா நொக்கான்னு கூப்பிட்டுத் தொலைக்காதே. தங்கச்சி தயவுல காலம் தள்ளுறான்னு மறுநாளே பேச ஆரம்பிச்சுடுவாங்க. நீ எனக்கு மேடம். நான் உனக்கு நீங்க."

"நீங்கன்னா? மொட்டையாவா?"

"மொட்டையாவேதான். 'இங்க வாங்க'ன்னா வரப்போறேன்."

தங்கை சிரித்தாள். ஆனால் சட்டத்தை மீறவில்லை. நிலையத்தில் பழையவர்களுக்கு இவர்கள் உறவு தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நிலையத்து வாசல் கதவைத் தாண்டியதும், வீட்டில் குட்டியாக இருந்த தங்கை மேடம் ஆவாள். மாலையில் அதே கதவைத் தாண்டியதும் மேடம் குட்டி ஆவாள். ஒன்றரை வருடம் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று.

அப்புறம் லேப் அக்கா வந்து சேர்ந்தாள்.

இலையை அரைத்து அதிலிருந்து மரபணுச் சரக்கைப் பிரித்தெடுக்கிற ஆய்வகத்துக்கு வேறு நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்தவள் அவள். அடிக்கோட்டம்மாவை விட நாலு வயது சின்னவள். ஆனால் வந்த மூன்றாம் நாளே ஊருக்கெல்லாம் அக்கா ஆகிவிட்டாள். கைப்பையில் எப்போதும் தலைவலி மாத்திரை, ஊசி நூல், ஊக்கு, உபரியாக ஒரு குடை. கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதில்லை. தலை நரைத்த டிரைவர்கூட, "அக்கா, ஒரு மாத்திரை குடுங்க" என்று வந்து நிற்பார். அந்த ஊர்வலத்தில் தங்கையும் போய்ச் சேர்ந்துகொண்டாள். "அக்கா, இந்த டியூப்பைப் பாருங்க", "அக்கா, நாளைக்கு லீவா?"

ஒரு நாளைக்கு எத்தனை அக்கா என்று அடிக்கோட்டம்மா எண்ணினாள். எண்ணுவது அவள் தொழில் அல்லவா. திங்கள் பதினொன்று. செவ்வாய் ஒன்பது. புதன்கிழமை லேப் அக்கா அரைநாள் விடுப்பு, இருந்தும் ஆறு.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர்.

"சும்மா வாயில வர்ற வார்த்தைடி அது. என்னைக்கூடத்தான் வழியில போறவன் எல்லாம் அண்ணேங்கிறான். எங்கம்மா அத்தனை பேரையும் பெத்தாங்களா?"

"உங்களுக்குத் தெரியாது. சும்மா இருங்க."

"தெரியுதே. இங்க வரைக்கும் கருகின வாசனை வருது. அடுப்புல ஒண்ணும் இல்ல, உன் வயித்துலதான்."

இனி அந்த ஆராய்ச்சியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலையத்தில் ஒரு கோதுமை ரகம் இருந்தது. இளங்கதிர் தண்டுக்குள் ஒளிந்திருக்கிற நாட்களில் குளிர் பட்டால், அதன் பூவில் மகரந்தம் செத்துப்போகும், மணி பிடிக்காது. அதே செடி கதகதப்பில் வளர்ந்தால் கதிர் நிறைய மணி. "குளிர்ல மலடு, வெயில்ல மகராசி" என்று அடிக்கோட்டம்மா அதற்குப் பட்டம் வைத்திருந்தாள். ஆண் பக்கம் மட்டும்தான் மலடு. பக்கத்தில் வேறு ரகத்தை நட்டு, அதன் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால் கலப்பு விதை தானாகவே கிடைத்துவிடும். பூப்பூவாகப் பிரித்துக் கையால் மகரந்தப் பையைக் கிள்ள வேண்டாம். அந்த மலட்டுத்தனம் செடியின் மரபணுவில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் தங்கையின் வேலை.

"நீளமான ஒரு தெருன்னு வச்சுக்கோ" என்று தங்கை ஒருநாள் வீட்டில் விளக்கினாள். "நாம தேடுற வீடு எதுன்னு தெரியாது. ஆனா தெரு நெடுக விளக்குக் கம்பம் இருக்கு, நம்பர் போட்டு. மலட்டுச் செடியையும் நல்ல செடியையும் கலந்து, பேரன் பேத்தியா ஆயிரத்து நூத்தி நாப்பது செடி வளர்க்கிறோம். எல்லாத்தையும் குளிர்ல வைக்கிறோம். எதெது மலடாச்சோ அதெல்லாம் எந்தக் கம்பத்தைக் கூடவே தூக்கிட்டு வருதுன்னு பார்த்தா, வீடு அந்தக் கம்பத்துப் பக்கத்துல."

"எது மலடுன்னு சொல்றது நான். எந்தக் கம்பம்னு சொல்றது அவளா?"

"ஆமா. ரெண்டும் சேர்ந்தாத்தான் வீடு."

அவளோடு சேர வேண்டுமா என்று அன்று தூக்கம் கெட்டது.

ஆயிரத்து நூற்று நாற்பது தொட்டிகளுக்கும் அவளே அட்டை எழுதினாள். மூன்று நாள் வேலை. இரண்டாம் நாள் முற்பகலில், கண்ணாடிக் கூடத்தின் மூலையில் குந்தியிருந்து எழுதிக்கொண்டிருந்தபோது, தங்கையும் லேப் அக்காவும் நாற்றுகளைப் பார்க்க உள்ளே வந்தார்கள். இவள் நிமிரவில்லை. பேனா அட்டையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, டீ குடிச்சீங்களா?" என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

இவள் சட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் மலர்ந்து, "இன்னும் இல்லடி குட்டி" என்றாள்.

அதே நேரத்தில் லேப் அக்காவும், "குடிச்சாச்சு மேடம்" என்றாள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கையின் காது சிவந்தது. "நீங்களும்... போய்க் குடிச்சிட்டு வாங்க" என்றாள், மொட்டையாக. இவள் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, கையிலிருந்த அட்டையை அப்படியே அடுக்கில் வைத்தாள். டீ குடிக்கப் போகவில்லை.

மாதங்கள் போயின. வாரம் ஒருமுறை தொட்டிகளை இடம் மாற்றி வைத்தார்கள். ஒரே செடி குளிர்ந்த மூலையிலேயே நிற்கக்கூடாதே. இலை நறுக்கி லேப் அக்கா பொட்டலம் கட்டினாள். கதிர் வெளியே எட்டிப் பார்த்ததும், அந்நிய மகரந்தம் அண்டாதபடி இவள் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய்த்தாள் உறை மாட்டினாள். காய்ந்ததும் அறுத்து எண்ணினாள். இருநூற்று எண்பத்தொரு செடிகள் மலடு.

தங்கை இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்த்த அன்று, இவளை அறைக்குக் கூப்பிட்டாள். லேப் அக்கா முன்பே அங்கே இருந்தாள். திரையில் நீளமான ஒரு கோடு. அதில் சின்னச் சின்ன எண்கள்.

"ஆயிரத்து நூத்தி முப்பத்தெட்டு செடி ஒரே பேச்சு பேசுது" என்றாள் தங்கை. "ரெண்டு மட்டும் மறுபேச்சு. 698-ல ஒரு மணிகூட இல்லன்னு இருக்கு. ஆனா அதோட மரபணு நல்ல செடியோடது. 869-ல நாப்பத்து மூணு மணி. அதுக்கு மலட்டு மரபணு. இந்த ரெண்டையும் நம்பினா நம்ம வீடு இந்தத் தெருவுலயே இல்ல. நம்பாம தள்ளி வச்சா, ஏன் தள்ளினேன்னு பெரிய சார் கேப்பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள தெளியலைன்னா அடுத்த பருவத்துல அத்தனையும் திரும்ப விதைக்கணும்."

லேப் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உறை ஏதாவது கிழிஞ்சிருக்குமோ மேடம்? இல்ல, எண்ணும்போது..."

"எண்ணும்போது?" என்றாள் இவள்.

"இல்ல, ஆயிரம் கதிரு. மனுஷக் கைதானே."

தங்கை இவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "ஒருதடவை திரும்ப எண்ணிடுங்களேன்."

பதினாலு வருடத்தில் அவளை யாரும் திரும்ப எண்ணச் சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது தன் கையால் சடை பின்னிவிட்ட தங்கையாகப் போயிற்று. அதுவும் யார் பேச்சைக் கேட்டு! "எண்ணிடுறேன் மேடம்" என்று வெளியே வந்தாள். கால் கிடங்கை நோக்கி நடந்தது. மனம் அதற்கு முன்னால் ஓடியது. தப்பு அந்த லேப்காரியுடையதுதான். பொட்டலத்தை மாற்றியிருப்பாள். நிரூபித்துவிட்டால், பட்டப்பகலில், எல்லார் முன்னாலும்... அதற்குப் பிறகு குட்டி எந்த வாயால் அவளை அக்கா என்று கூப்பிடுகிறாள் பார்க்கலாம்.

கிடங்கில் மர அடுக்குகளில் காய்ந்த கட்டுகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் அட்டை. 869 கிடைத்தது. ஆறுக்குக் கோடு, ஒன்பதுக்குக் கோடு. மணிகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று. 698-ஐ எடுத்தாள். உமியைத் தவிர ஒன்றுமில்லை. எண்ணிக்கை இம்மியும் பிசகவில்லை. வெற்றி என்று நிமிர்ந்தவள், அட்டையை மறுபடி பார்த்தாள்.

ஆறுக்குக் கோடில்லை. ஒன்பதுக்கும் இல்லை.

அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். 869.

எண்ணும்போது இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? யோசித்தாள். அவள் எழுதுகிற எட்டுக்கு மேல் வயிறு சின்னது, கீழ் வயிறு பெரியது. எப்படிப் பிடித்தாலும் அவளுக்குத் தன் எழுத்தின் தலையும் காலும் தெரியும். கோடு அவளுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அது மற்றவர்களுக்காக.

இடுப்புப் பையில் சின்ன நோட்டு இருந்தது. எந்த அட்டை என்றைக்கு, எத்தனை மணிக்கு எழுதியது என்று குறித்து வைப்பாள். 690 முதல் 700 வரை: இரண்டாம் நாள், காலை பத்தே முக்கால். டீ வருகிற நேரம்.

நோட்டுக்குப் பக்கத்திலேயே பேனாவும் இருந்தது. அதே பேனா, அதே கறுப்பு மை. கிடங்கில் அவளைத் தவிர யாருமில்லை. இரண்டு கோடு இழுக்க இரண்டு நொடி ஆகுமா? இழுத்துவிட்டால், கோடு இருந்தும் பார்க்காமல் படித்தவள் லேப் அக்கா. கோடு இல்லையென்றால், கோடு போடாத அடிக்கோட்டம்மா. பதினாலு வருடப் பெயர் ஒரு பக்கம். அந்த 'அக்கா' ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேனா.

மூடியைக் கழற்றினாள். ஆறின் காலடியில் முனையை வைத்தாள். மை ஊறிப் புள்ளி விழுந்தது.

அந்தப் புள்ளி மற்ற எழுத்தைவிடப் பளபளப்பாக இருந்தது. மற்றதெல்லாம் நாலு மாதம் தண்ணீர் பட்டு வெளுத்திருந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் கவனிக்கிற ஒருத்தி இந்த நிலையத்தில் உண்டு. அவள் இப்போது இந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் ஒவ்வொரு ஆறுக்கும் கோடு போடும்போது இந்த ஆறு ஞாபகம் வருமே. சந்தேகம் வராமல் இருக்கப் போடுவதுதானே கோடு. வந்த பிறகு போட்டால் அதற்குப் பெயர் வேறு.

மூடியை மாட்டினாள். இரண்டு கட்டுகளையும் தூக்கிக்கொண்டு தங்கையின் அறைக்குத் திரும்பினாள். லேப் அக்கா இன்னும் அங்கேயே இருந்தாள். அதுவும் வயிற்றெரிச்சல்தான். போகட்டும்.

"எண்ணிக்கை சரி" என்றாள். "அட்டை தப்பு. நான் கோடு போடலை. தலைகீழாக் கட்டியிருந்தா இது 869-ன்னுதான் படிக்க வரும். இவங்க படிச்சதுல தப்பில்ல."

தங்கை அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது என்ன, ஒரு புள்ளி?"

"அது இப்போ வச்சது. கோடு போட்டுடலாம்னு பார்த்தேன். போடலை."

தங்கை அட்டையை மேசையில் வைத்தாள். பிறகு லேப் அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மேடம், நானும் ஒண்ணு சொல்லணும். இலைப் பொட்டலத்துல ரெண்டு 869 வந்துச்சு. 698 இல்லவே இல்ல. நான்தான் எழுதறப்போ தூங்கிட்டேன்னு நெனச்சு, கைக்கு வந்த ஒண்ணுல 698-ன்னு மாத்தி எழுதினேன். கேட்டா திட்டுவீங்களோன்னு கேக்கலை."

"யாரு, நானா?"

"நீங்க இல்ல மேடம். இவங்க" என்று அடிக்கோட்டம்மாவைக் காட்டினாள். "எனக்கு இவங்களைக் கண்டாலே பயம்."

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாள் தங்கை. திரையில் கோடு ஒருமுறை துள்ளி அடங்கியது. 1,140 செடிகளும் ஒரே பேச்சு. இலைப் பொட்டலத்தில் மிச்சமிருந்ததை மறுநாள் மறுபடி அரைத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வீடு இருபத்தோராம் கம்பத்துக்கும் இருபத்திரண்டாம் கம்பத்துக்கும் நடுவில் எங்கோ இருந்தது. தங்கை பெருமூச்சு விட்டு, "நன்றி. அட்டையை ஃபைல்ல வச்சிடுங்க" என்றாள். மொட்டையாகத்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை கேட்டாள்: "அக்கா, பதினாலு வருஷத்துல ஒரு கோடு விட்டதில்ல நீ. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?"

இவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தப்பை ஒத்துக்கொண்டது சுலபமாக இருந்தது. இதைச் சொல்வதற்குத்தான் நாக்கு எழவில்லை. நோட்டை எடுத்து நீட்டினாள். தங்கை தேதியைப் படித்தாள், மணியைப் படித்தாள். விளங்கவில்லை.

"நீ டீ குடிச்சீங்களான்னு கேட்டே" என்றாள் இவள், சுவரைப் பார்த்து. "என்னைக் கேட்டேன்னு நெனச்சேன்."

தங்கைக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிக்க வந்தது. அக்காவின் முதுகைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சட்டம் போட்டது யாரு, அக்கா?"

"நான்தான். இல்லேங்கலையே. அந்தச் சட்டம் உனக்கும் எனக்கும். அடுத்த வீட்டுக்காரியை அக்கான்னு கூப்பிடுன்னு அதுல எந்த வரியில இருக்கு?"

கூடத்தில் பழுதான பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "டாக்டரம்மா, அக்காக்காரி ஒரு கம்பத்துக்கும் இன்னொரு கம்பத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா. எடுத்து விடு."

"மாமா, நீங்க வேற."

மறுநாள் காலை தங்கை ஆய்வகத்துக்குப் போய், "நீங்க அந்த ரெண்டு இலையையும் திரும்ப அரைச்சிடுங்க" என்றாள். அக்கா இல்லை. பத்து மணிக்கு, "நீங்க டியூப் எடுத்து வச்சீங்களா?" மறுபடியும் அக்கா இல்லை. ஆய்வகத்தை ஒட்டிய கண்ணாடிக் கூடத்தில் இருந்தபடியே அடிக்கோட்டம்மா எண்ணிக்கொண்டிருந்தாள். உணவு இடைவேளைக்குள் மொட்டை நீங்க ஏழு, அக்கா சுழி. இரண்டு இலையும் சரியாக வந்த செய்திகூட அவளுக்கு இரண்டாவதாகத்தான் இனித்தது.

பிற்பகலில் லேப் அக்கா அவளைத் தேடி வந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன். மேடத்துக்கு என்மேல கோவமா? நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னு வாய் நிறைய கூப்பிட்டாங்க. இன்னிக்கு யாரோ மாதிரி... பொட்டலத்துல தப்பு எழுதினேன், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா?"

அடிக்கோட்டம்மாவுக்கு அந்த வலி எந்த இடத்தில் உட்காரும் என்று துல்லியமாகத் தெரியும். கம்பத்தின் எண்ணோடு தெரியும்.

"கோவமெல்லாம் இல்ல. வேலை மும்முரம். நான் பேசிப் பாக்கறேன்" என்றாள்.

லேப் அக்கா கும்பிடாத குறையாகப் போனாள். போகும்போது, வெயிலில் நின்று எழுதினால் தலை வலிக்கும் என்று ஒரு மாத்திரையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

பாவமாகத்தான் இருந்தது. அடிக்கோட்டம்மா பேனாவை மூடி வைத்தாள், கையைக் கழுவினாள், தங்கையின் அறையை நோக்கி நடந்தாள். "பரவால்ல குட்டி, அவளையும் கூப்பிட்டுக்கோ" என்று சொல்ல வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. தாழ்வாரத்தின் பாதியில் நின்றாள். கதவு திறந்திருந்தது, உள்ளே தங்கை லேப் அக்காவிடம், "நீங்க அந்த ஃபைலைக் கொண்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கக் காதுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று அவள் திரும்பி வந்து, அடுத்த அட்டையை எடுத்து, 966 என்று எழுதி, மூன்று கோடு போட்டாள்.